இரை எடுக்காத பாம்பு: குடவாசல் வட்டாரத்தில் பாம்பு பிடிப்போருக்கும் வளர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வீட்டுக்குள் புகுந்த பாம்பைக் கம்பெடுத்து அடிக்காமல், ஆளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லி, உயிரோடு கொண்டுபோய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் இப்போதுதான் வேர்பிடிக்கிறது. அதற்குக் காரணம் உங்களைப் போன்றவர்கள். வைக்கோல்போரில் பாம்பு, விறகடுக்கில் பாம்பு என்று நடு இரவில் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். அந்த உழைப்பின்மேல் எனக்குள்ள மரியாதையோடுதான் ஒரு விஷயத்தில் உங்களோடு வாதிட வருகிறேன். பிடித்த பாம்பை உடனே விடாமல் பிளாஸ்டிக் டப்பாவிலோ பழைய மீன்தொட்டியிலோ நாள்கணக்கில் வைத்திருப்பவர்கள் உங்களில் உண்டு. ‘பால் பைத்தான்’ என்று விற்கப்படும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பைப் பணம் கொடுத்து வாங்கி அறையில் வளர்ப்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் வாட்டும் கவலை ஒன்றுதான். பாம்பு இரை எடுக்க மாட்டேன் என்கிறது. முட்டை வைத்தாலும் தொடவில்லை, எலியை விட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நாள் பொறுத்துவிட்டு, பதினோராம் நாள் வாயைப் பிளந்து எதையாவது உள்ளே தள்ளலாமா என்று கை துடிக்கிறது. அந்தக் கையைத் தடுக்கத்தான் இந்த மடல். இரை மறுக்கும் பாம்பு பெரும்பாலும் தன் நிலைமைக்குச் சரியான முடிவையே எடுக்கிறது என்பது என் கட்சி. திருத்த வேண்டியது அது இருக்கும் இடத்தை. நாட்டுப் பாம்பாக இருந்தால், அதற்கு ஒரே திருத்தம் அதன் இடத்துக்கே அதைத் திருப்பி அனுப்புவதுதான்.

முதலில், பாம்புக்குச் சாப்பாடு என்பது என்ன என்று பார்ப்போம். நமக்கு மூன்று வேளைச் சோறு அன்றாட வழக்கம். பாம்புக்கு ஒரு வேளை இரை என்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. இரை இல்லாத நாட்களில் அந்தப் பாம்பின் குடல் சுருங்கிக் கிடக்கிறது. இரை உள்ளே போனதும் குடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, ஈரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன, உடல் எரிக்கும் சக்தி பல மடங்கு எகிறுகிறது. இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத்தின் கீழறைத் தசையே 40 விழுக்காடு பெருக்கிறது என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. இவ்வளவு வேலையையும் நடத்த வெளியிலிருந்து வெப்பம் வேண்டும், ஏனென்றால் பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெப்பம் போதாவிட்டால் விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். அதோடு, வயிறு நிறைந்த பாம்பால் ஓட முடியாது. துரத்தினால் விழுங்கியதைக் கக்கிவிட்டுத்தான் தப்பிக்கும். நம் வயல் வரப்புகளில் இதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆக, சூடு இருக்கிறதா, ஒளிய இடம் இருக்கிறதா, நாலைந்து நாள் யாரும் தொந்தரவு செய்யாமல் கிடக்க முடியுமா என்ற மூன்றும் உறுதியான பிறகே இரை எடுப்பது பாம்புக்குப் பாதுகாப்பு. மேசைமேல், வெளிச்சத்தில், நாலு பேர் குனிந்து பார்க்கும் கண்ணாடித் தொட்டியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே அது வாயை மூடிக்கொண்டிருப்பதில் வியக்க எதுவும் இல்லை.

“அதெல்லாம் சரி, பட்டினியில் செத்துவிடுமே” என்பீர்கள். இந்தப் பயம்தான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நாம் தின்னும் உணவில் பெரும்பங்கு உடம்புச் சூட்டைக் காப்பதிலேயே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. ஒரே எடையுள்ள பாம்பும் பெருச்சாளியும் இருந்தால், பெருச்சாளி சில நாளில் தின்று தீர்ப்பதை வைத்துப் பாம்பு மாதங்களை ஓட்டிவிடும். மார்ஷல் மக்யூ என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அமெரிக்க எலிப்பாம்பு, கிலுகிலுப்பை விரியன் ஆகிய மூன்று வகைகளை ஏறத்தாழ ஆறு மாதம் இரையின்றி வைத்துக் கவனித்து 2007இல் எழுதினார். சில பாம்புகள் தம் உடல் இயங்கும் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. இதைவிட வியப்பானது, அந்தப் பட்டினியிலும் அவை நீளத்தில் வளர்ந்தன. இதைச் சொல்வது பாம்பைப் பட்டினி போடலாம் என்பதற்காக அல்ல. பத்து நாளில் அவசரம் எதுவும் வந்துவிடாது, யோசிக்கவும் காரணத்தைத் தேடவும் நேரம் இருக்கிறது என்பதற்காகத்தான். ஆனால் இரண்டு விலக்குகளை மறக்கக் கூடாது. முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிக்குச் சேமிப்பு குறைவு, அது நெடுநாள் தாங்காது. தண்ணீர் இல்லாமல் எந்தப் பாம்பும் தாங்காது. சித்திரை வைகாசி வெயிலில், ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ மூடிய டப்பாவில் இருக்கும் பாம்பைக் கொல்வது பசியாக இருக்காது. சூடும் தாகமுமே அதற்கு முன்னால் கொன்றுவிடும்.

மறுப்புக்கான காரணங்களில் பாதி, நோயே இல்லாதவை. சட்டை உரிக்கப்போகும் பாம்பின் கண் நீலம் பாய்ந்து மங்கும். அந்த நாட்களில் அதற்குப் பார்வை சரியாக இல்லை, தோல் இறுகிக் கிடக்கிறது, இரையை நாடாது. இணைசேரும் பருவத்தில் ஆண் பாம்பின் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருக்கும். (சாரையும் நாகமும் பின்னிக்கொள்கின்றன என்று நாம் கூட்டம் கூடிப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டுதான்.) சினைப்பட்ட பாம்பு, முட்டையை அணைத்துக் கிடக்கும் பாம்பு ஆகியவையும் வாரக்கணக்கில் இரை எடுப்பதில்லை. மார்கழி இரவின் சில்லிப்பில் செரிமானம் நடக்காது என்று உடம்புக்கே தெரியும். குளிரூட்டி ஓடும் அறையில் இருக்கும் பாம்புக்கு ஆண்டு முழுக்க மார்கழிதான். இவற்றில் எதற்கும் மருந்து தேவையில்லை, காத்திருப்பது போதும்.

மற்றொரு பெரிய காரணம், நாம் வைக்கும் இரையே தவறாக இருப்பது. இங்கேதான் உங்கள் அனுபவ அறிவை நான் நம்பி வருகிறேன், ஏனென்றால் எந்தப் பாம்பு எங்கே கிடைக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிடைக்கும் இடம்தான் அது தின்பதையும் சொல்கிறது. சாரை எலியையும் தவளையையும் தேடி வரப்பில் அலைகிறது. தண்ணீர்ப்பாம்புக்கு வாய்க்கால் மீனும் தவளையும். பச்சைப்பாம்புக்கு ஓணான், பல்லி, சிறு பறவை. நல்லபாம்பு எலி, தேரை, சில நேரம் மற்றப் பாம்பு என்று பலவற்றையும் எடுக்கும். கட்டுவிரியனோ பெரும்பாலும் பிற பாம்புகளையே தின்கிறது. அதன்முன் வெள்ளெலியை விட்டுவிட்டு ஏன் தின்னவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை. பூந்தொட்டி மண்ணில் வருகிற புழுப்பாம்புக்கு எறும்பு முட்டையும் கறையான் குஞ்சும்தான் சாப்பாடு. இந்தத் தேர்வு பழக்கத்தால் மட்டும் வருவதில்லை, பிறவியிலேயே இருக்கிறது. கார்டன் பர்கார்ட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1960களில், பிறந்தது முதல் எதையுமே தின்னாத பாம்புக்குட்டிகளின் முன்னால் பலவகை உயிர்களின் சாற்றை நனைத்த பஞ்சை நீட்டினார். தம் இனம் காட்டில் தின்னும் இரையின் மணம் பட்டதும் குட்டிகள் நாக்கை வேகமாக நீட்டிப் பாய்ந்தன, மற்ற மணங்களைப் பொருட்படுத்தவில்லை. நாக்கு எடுத்துவரும் மணத்தை மேலண்ணத்தில் உள்ள உறுப்பு படிக்கிறது. பாம்பு எதிரில் இருப்பதை உணவு என்று ஏற்பதும் தள்ளுவதும் அங்கேதான் முடிவாகிறது. கோழிக்கறித் துண்டு, வேகவைத்த முட்டை, மாட்டுக்கறி இவற்றை அது மறுப்பது பிடிவாதத்தால் அல்ல, அவை அதற்கு உணவாகவே படுவதில்லை.

பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் கவனமாகச் சொல்ல வேண்டும். நாம் இருப்பது பாம்பை வணங்கும் மண். நம் வட்டத்திலேயே திருப்பாம்புரம் இருக்கிறது. ஆதிசேஷன் வழிபட்ட தலம் என்று ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேசுவரம். குடவாசல் கோணேசுவரர் கோயில் தலபுராணமே, தாயைச் சிறைமீட்கக் கருடன் கொண்டுவந்த அமிர்த குடம் புற்றில் மறைந்த கதைதான். ஆகவே ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றும் தாய்மார்களின் பக்தியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பாலைச் செரிக்கப் பாம்பின் குடலில் வழியில்லை. அது பாலூட்டி இனம் அல்ல, எந்த வயதிலும் பால் குடித்ததில்லை. வித்தை காட்டுபவரின் கூடையில் அது பால் குடித்ததைப் பார்த்திருக்கிறோமே என்று கேட்கலாம். பல நாள் தண்ணீர் காட்டாமல் வறள வைத்த பாம்பு, முன்னால் வைத்த எந்தத் திரவத்தையும் குடிக்கும். அங்கே அது பாலை விரும்பவில்லை, ஈரத்துக்குத் தவிக்கிறது. பல்லைப் பிடுங்கிய பாம்பின் வாய் புண்ணாகிச் சீழ்பிடித்து, அதனாலேயே இரை எடுக்காமல் மெலிவதும் அந்தக் கூடைகளில்தான் நடந்தது. பால் ஊற்ற விரும்பும் குடும்பத்திடம் அரசமரத்தடி நாகர் சிலைக்கு அபிஷேகம் செய்யச் சொல்லுங்கள். பக்திக்கும் குறை வராது, புற்றுக்குள் இருக்கும் உயிருக்கும் தொல்லை வராது. உங்கள் டப்பாவில் உள்ள பாம்புக்கு வைக்க வேண்டியது ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர், அவ்வளவே.

இனி வாயைப் பிளந்து ஊட்டும் விஷயம். பாம்பின் மூச்சுக்குழல் வாய் திறந்ததும் கீழ்த்தாடையில், நாக்கு உறைக்குச் சற்றுப் பின்னால் தெரியும்படி இருக்கிறது. சிரிஞ்சிலோ கரண்டியிலோ அடித்த முட்டையை ஊற்றினால் அது உணவுக்குழலுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அதன் பிறகு வரும் சளி, மூச்சுத்திணறல், மரணம் ஆகியவற்றுக்குப் பெயர் பட்டினி அல்ல. இரையைக் குச்சியால் தள்ளினால் பல் ஒடியும், ஈறு கிழியும், உணவுக்குழல் சிராய்க்கும். அப்படியே உள்ளே போனாலும், பயத்தில் இருக்கும் பாம்பு அதைக் கக்கும். கக்கும்போது வயிற்று அமிலமும் நீரும் சேர்ந்து போய், முன்னைவிட மோசமான நிலைக்கு வரும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று முழு உணவு இறங்கினால் இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நிற்கக்கூடும் என்பது மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவான மருத்துவ உண்மை. நல்லபாம்பையோ விரியனையோ பிடித்து வாயைத் திறக்க முயல்பவரின் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுப் பெயர் ஏற வேண்டாம்.

“விலங்குக் காட்சிச்சாலையில், மருத்துவமனையில் குழாய் வைத்து ஊட்டுகிறார்களே” என்ற கேள்வி நியாயமானது. ஊட்டுகிறார்கள். ஆனால் எந்த வரிசையில் என்று கவனியுங்கள். முதலில் வெப்பத்தைச் சரிசெய்து, பிறகு உடம்பில் நீர்ச்சத்தை ஏற்றி, வாய்ப்புண்ணும் குடற்புழுவும் உண்டா என்று பார்த்து, எல்லாக் காரணத்தையும் விலக்கிய பின்பும் எடை விழுந்துகொண்டே இருந்தால், எடைக்கேற்ற அளவில் மிகக் குறைவாகத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அது கடைசிப் படி. நம் வீடுகளில் அது முதல் படியாக இருக்கிறது. என் சண்டை அந்த வரிசையோடுதான்.

மறுப்பைப் பற்றி நம் ஊருக்கு ஒரு பழைய நினைவும் உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறை வைக்கப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்த்தி வந்தபோது அதைக் குடிக்க மறுத்து உயிர்விட்டான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டுக் குறிப்பு சொல்கிறது. அந்தக் குடவாயில் நம் குடவாசல்தான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். பாம்புக்கு மானம் உண்டு என்று நான் கதை கட்டவில்லை. அரசனின் மறுப்பில் மானம் இருந்தது, பாம்பின் மறுப்பில் இருப்பது உடலியல். ஆனால் சிறைப்பட்ட ஓர் உயிர் உணவை மறுத்தால் முதலில் சிறையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிய பாடமல்ல.

நாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் வயலில் வாழும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, நல்லபாம்பு எல்லாம் காக்கப்பட்டவை. அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பாசத்தோடு வைத்திருந்தேன் என்பது அங்கே பதிலாகாது. ‘மண்ணுளிக்கு இத்தனை இலட்சம்’ என்று ஆசை காட்டி வருபவர்களின் பேச்சை நம்பி, மண்ணுளிப்பாம்பைச் சாக்கில் கட்டிப் பட்டினி போடுவது சட்டத்துக்கும் மனத்துக்கும் சேர்ந்த குற்றம். “இருளர்கள் மட்டும் பானையில் வைத்திருக்கிறார்களே” என்று கேட்பவர்களுக்கு அந்த ஏற்பாட்டையே சான்றாகக் காட்டுகிறேன். 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் தொடங்கி மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு நடக்கிறது. நஞ்சு முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுப்பதற்காக மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் பாம்பை வைத்திருக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிவிட்டு வெளியே விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு சீக்கிரத்தில் மீண்டும் அகப்பட்டால் பயன்படுத்துவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்பவர்கள், 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் பத்மஸ்ரீ பெற்ற சமூகம், பாம்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முயலவில்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இங்கே உங்களிடமிருந்து வரும் மிக வலுவான ஆட்சேபம் இது: “வெளியே விட்டால் மட்டும் வாழுமா? வயல் முழுக்க எலி மருந்து, சாலையில் வண்டி, அறுவடை இயந்திரம், எந்த வீட்டில் புகுந்தாலும் அடி. என்னிடம் இருந்தால் உயிராவது மிஞ்சும்.” இதில் உள்ள வேதனை உண்மையானது. கிட்டி வைத்து எலி பிடித்த காலம் சுருங்கி, துத்தநாக பாஸ்பைடும் புரோமடியலோனும் வரப்புக்கு வந்துவிட்டன. நஞ்சுண்ட எலியைத் தின்ற சாரைக்கும் ஆந்தைக்கும் ஆபத்துண்டு. ஆனால் இரை எடுக்காத பாம்பு உங்களிடம் இருந்தாலும் உயிர் மிஞ்சாது, இறப்பு மெதுவாக நடக்கும், அவ்வளவே. வெளியே அதற்கு வாய்ப்பு உண்டு, டப்பாவில் இல்லை. அந்த வாய்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் நாம் எங்கே விடுகிறோம் என்பதில் இருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துப் பிடித்த இடத்திலிருந்து வெகுதூரத்தில், ஏதோ ஒரு காட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கமாக இருக்கிறது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் இராஜநாகங்களுக்கு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தவர்கள் 2013இல் எழுதியதைப் படித்தால் அந்த வழக்கம் தவறு என்று விளங்கும். இடம் மாற்றி விடப்பட்ட நாகம், தன் வட்டாரத்தில் வாழ்ந்த நாகத்தைவிட மிக நீண்ட தூரம் அலைந்தது. தண்ணீர் எங்கே, பொந்து எங்கே, இரை எங்கே என்று தெரியாத இடத்தில் அலைந்துகொண்டே இருக்கும் பாம்புக்கும் பசிதான். பிடித்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வாய்க்கால் கரைப் புதரிலோ மூங்கில் கொத்திலோ விட்டால் அதற்குப் பழகிய வளை அருகிலேயே இருக்கும். வீட்டுக்காரர் “மறுபடி வந்துவிடுமே” என்பார். எலி வராமல் நெல் மூட்டையை மேலேற்றி, சுவர் ஓட்டையை அடைத்து, விறகடுக்கைத் தள்ளி வைத்தால் பாம்பு வர வேண்டிய காரணமே குறையும் என்று அவருக்கு விளக்குவதும் நீங்கள் ஏற்ற வேலையில் ஒரு பகுதி.

வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதை வெளியே விடவே கூடாது. நம் வயலில் அது சாகும், அல்லது பிழைத்து நம் பாம்புகளுக்கு நோய் பரப்பக்கூடும். அது எப்படி உங்களிடம் வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிறு டப்பாக்களில் அடைக்கப்பட்டிருந்தன. அப்படிப் பயணம் செய்து, பல கை மாறி வந்த குட்டி, நீர் வற்றிய உடலோடும் புழுவோடும் வந்து, உங்கள் அறையில் இரை எடுக்காமல் கிடந்தால், அதன் மறுப்பு விமானம் ஏறும் முன்பே தொடங்கியிருக்கும். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் (CITES) பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையவாயிலில் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாதவர் மருத்துவரிடம் போகவும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தின் விலையைப் பாம்பு கொடுக்கிறது. வனத்துறையிடம் ஒப்படைப்பது வெட்கமான காரியம் அல்ல.

முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவர்கள் சரிபார்க்க வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருளும் இனம் பால் பைத்தான்; அச்சம்தான் அதன் இயல்பு. உடம்பு இருபுறமும் உரசுகிற அளவுக்குச் சிறிய, இருண்ட ஒளிவிடம் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியசும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகையும் இருக்கிறதா என்று வெப்பமானியால் அளக்க வேண்டும், கையை வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாது. கண்ணாடித் தொட்டியின் மூன்று பக்கத்தை மறைத்துவிட்டு, இரண்டு வாரம் தூக்காமல், படம் எடுக்காமல், நண்பர்களுக்குக் காட்டாமல் விட்டுப்பாருங்கள். பிறகு பொழுது சாய்ந்ததும், உடலின் பருமனான பகுதியைவிடப் பெரிதாக இல்லாத, கொன்று வெதுவெதுப்பாக்கிய எலியை நீண்ட இடுக்கியால் நீட்டி, எடுக்காவிட்டால் அகற்றிவிட்டு, ஒரு வாரமாவது கழித்தே மறுபடி முயல வேண்டும். தினமும் நீட்டினால் இரையே அதற்குத் தொந்தரவாகப் படும். வயலில் பிடித்த எலியை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் வயிற்றில் மருந்து இருக்கலாம், உடம்பில் புழு இருக்கும், அதைக் கையாளும் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். உயிரோடு விட்டுவிட்டுத் தூங்கப் போவது அதைவிட மோசம். பசித்த எலி, இரை எடுக்காத பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும்.

வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். எடை நிலையாக இருக்கும்வரை மறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், முதுகெலும்பு கத்திமுனைபோலத் தெரிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கில் குமிழி வந்தால், ஈறில் தயிர்போன்ற சீழ் தெரிந்தால், உடம்பில் கட்டி தட்டுப்பட்டால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தஞ்சை மாவட்டத்தில், ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது கடைசியாக எப்போது இரை எடுத்தது, எப்போது சட்டை உரித்தது, எப்போது கழிந்தது, தொட்டியின் இரு பக்க வெப்பம் என்ன என்று எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

“எங்களுக்குப் பாம்பின்மேல் இருக்கும் அன்பை நீங்கள் குறை சொல்கிறீர்கள்” என்று யாரும் நினைக்க வேண்டாம். நெல் விளையும் இந்த மண்ணில் எலியைக் கட்டுப்படுத்தும் பாம்பின்மேல் அன்பு வைத்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். அந்த அன்புக்கு ஊட்டுவதைத் தவிர வேறு வேலைகள் உண்டு. சம்பா அறுவடை தொடங்கும்போது இயந்திர ஓட்டுநர்களிடம், வயலின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அறுத்து வந்தால் பாம்பும் காட்டுப்பூனையும் தப்பிக்க வழி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குப் பாம்பை டப்பாவில் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பதிலாகப் படத்தைக் கொண்டுபோய், கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம்.

இதைப் படிக்கும் இன்று உங்கள் டப்பாவில் ஒரு நாட்டுப் பாம்பு இருந்தால், பிடித்த இடம் நினைவிருக்கும்போதே வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். டப்பாவை நிழலுக்கு மாற்றி, உள்ளே தண்ணீர்க் கிண்ணம் ஒன்று வையுங்கள். முட்டையை எடுத்துவிடுங்கள். பகலில் நடமாடும் சாரையென்றால் காலை வெயில் ஏறும் முன்னும், கட்டுவிரியன்போல இரவில் இரை தேடுவதென்றால் பொழுது சாய்ந்த பின்னும், துறையின் சம்மதத்தோடு அதன் இடத்தருகே டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டு, பத்தடி விலகி நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்